‘நல்லா மூச்சை இழு’ என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கினாலும் சரி, வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலும் சரி, நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் தவறாமல் வந்துவிடுகிறது: “பதற்றமாக இருக்கிறதா? கண்களை மூடி, ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள். அமைதியான ஓர் இடத்தை மனதில் நினையுங்கள்.” இரண்டு வரி. இரண்டிலும் கோளாறு இருக்கிறது. சமவெளிக்காரர்களுக்கே அது அரைகுறையாகத்தான் பயன்படும். நீலகிரி, கொடைக்கானல் உயரத்தில் உட்கார்ந்து அதைப் படிப்பவர்களுக்குச் சில வேளை நிலைமையை மோசமாக்கியும் விடும். அந்த இரண்டு வரியில் விட்டுப்போனதை எழுதத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது. வெட்டுவதானால் காரணங்களை வெட்டுங்கள், அளவுகளை வெட்ட வேண்டாம்.

முதலில் ‘ஆழமாக இழு’. பதற்றம் பிடித்தவர் ஏற்கெனவே தேவைக்கு மேல்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு ஓடும். பயம் வந்தால் அந்த எண்ணிக்கை ஏறும், ஒவ்வொரு மூச்சின் அளவும் ஏறும், வயிறு அசையாமல் மேல் நெஞ்சும் தோளுமாக வாங்கத் தொடங்குவார். இதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. வெளியே போகிற கார்பன் டை ஆக்சைடுதான் கூடுகிறது. ரத்தத்தில் அது குறைந்தால் மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கும், தலை லேசாகக் கிறுகிறுக்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊரும். இன்னும் மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் செயல்படும் அளவு குறைந்து கைவிரல்கள் கூம்பி இழுத்துக்கொள்ளும். இத்தனையும் நடக்கும்போது அந்த மனிதருக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று: மூச்சு போதவில்லை. ஆகவே இன்னும் இழுப்பார். பக்கத்தில் நிற்பவரும் முதுகைத் தடவி “நல்லா இழு, நல்லா இழு” என்பார். நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் அவர் ஊற்றுவது எண்ணெய்.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா 2,637. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் போல 21 சதவீதம்தான், ஆனால் காற்றே மெலிந்திருக்கிறது. அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. இங்கேயே பிறந்து வளர்ந்தவரின் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி இரண்டு மூன்று மணி நேரத்தில் உதகையில் இறங்குகிறவருக்குப் பழகியிருக்காது. முதல் நாள் படியேறினால் இளைக்கும், நாடி கொஞ்சம் வேகமாக ஓடும், ராத்திரி தூக்கம் அறுந்து அறுந்து வரும். இது உடம்பு செய்யும் சரிக்கட்டல். இதைப் பதற்றம் என்று எண்ணி, அதற்கு மருந்தாக ஆழமூச்சை இழுத்து, அதனாலேயே கிறுகிறுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி தேடுகிறவர்கள் சீசன் மாதங்களில் குறைவில்லை. புதிதாக வந்தவர்கள் முதல் இரண்டு நாள் கீழே சொல்லும் கணக்கில் சின்னதை (மூன்று உள்ளே, நான்கு வெளியே) மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

வேலை நடப்பது வெளிமூச்சில். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு ஒரு சிறிது வேகமாகும், விடும்போது ஒரு சிறிது தணியும். மூளையிலிருந்து இறங்கி இதயத்தையும் வயிற்றையும் தொடும் வேகஸ் நரம்பின் கைங்கரியம் அது. வெளிமூச்சு நீண்டால் தணிகிற நேரமும் நீள்கிறது. நம் மரபுக்கும் இது புதிதில்லை. திருமூலர் கணக்கில் பூரகம் (இழுப்பது) 16 மாத்திரை, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32. இழுப்பதைப் போல இரு மடங்கு நேரம் விடுகிறோம். ஆனால் நடுவில் நிற்கும் அந்த 64-ஐப் பதற்றக்காரர்கள் தொடக்கூடாது. அது ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் ஏற்றவேண்டிய அளவு. பயத்தில் இருப்பவரை மூச்சை அடக்கச் சொன்னால், முட்டுகிறது என்ற உணர்வே அடுத்த பயத்தைக் கிளப்பும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஏறிய கியரிலேயே இறங்கு என்று, உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சரிவின் 36 வளைவுக்கும் சொல்கிறோமே, அதேதான். மூச்சை அடக்குவது பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவது, கொஞ்ச தூரத்தில் தீய்ந்த வாடை வரும். நீண்ட வெளிமூச்சு என்பது இரண்டாவது கியர்.

நீண்ட வெளிமூச்சு என்றதும் பலர் செய்யும் தவறு, முதல் நொடியிலேயே ‘புஸ்’ என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டு, மீதி நேரம் காலி நெஞ்சோடு தவிப்பது. இதைக் கண்ணால் பார்த்துத் திருத்தலாம். கையில் இருக்கும் இந்த நாளிதழின் ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு ஒன்றைக் கிழித்துக்கொள்ளுங்கள். மேல் நுனி மூக்கு நுனியின் உயரத்தில், முகத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளித் தொங்கட்டும். மின்விசிறி, திறந்த ஜன்னல் பக்கம் வேண்டாம். வாயை மூடி மூக்கால் விடுங்கள். துண்டு எகிறிப் பறந்தால் தள்ளுகிறீர்கள். தொடக்கத்தில் ஆடிவிட்டுப் பாதியில் நின்றுபோனால் முன்னாலேயே கொட்டிவிட்டீர்கள். கீழ் நுனி மட்டும், தொடக்கம் முதல் கடைசி வரை, ஒரே மாதிரி லேசாக நடுங்கவேண்டும். அதுதான் சரியான வெளிமூச்சு. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் காகிதமே வேண்டாம், விடியற்காலையில் மூக்கிலிருந்து வரும் ஆவியைப் பார்த்தாலே தெரியும்: பீய்ச்சியடித்தால் தவறு, கலைந்து கலைந்து இறங்கினால் சரி.

அடுத்தது எண்ணிக்கை. பதற்றத்தில் இருப்பவரின் நொடி சுருங்கிவிடும். ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணச் சொன்னால் மூன்று நொடியில் ஆறைத் தொட்டுவிடுவார். ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று மனதுக்குள் சொன்னால் ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குச் சமமாக வரும். இதைத் தமிழில்தான் சொல்லவேண்டும் என்றில்லை. வீட்டில் படுகு பேசுகிறவர் படுகிலும், கன்னடம் பேசுகிறவர் கன்னடத்திலும் எண்ணட்டும். பயந்த நேரத்தில் வாய்க்கு வருகிற மொழி எதுவோ அதில் எண்ணினால்தான் கை கொடுக்கும்.

முதல் வாரம்: மூன்று எண்ணிக்கை உள்ளே, நான்கு எண்ணிக்கை வெளியே. அடக்குதல் கிடையாது. விட்டு முடிந்ததும் மூச்சு தானாக வரும்வரை அரை நொடி சும்மா இருந்தால் போதும். வாரம் கடந்து இது சிரமமில்லாமல் வந்தால் நான்கு உள்ளே, ஆறு வெளியே. பத்து நொடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு. அதற்கு மேல் நீட்டுவதால் கூடுதல் லாபம் அதிகமில்லை. நீட்டவேண்டும் என்ற பிடிவாதம்தான் வரும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், காலை ஒன்று, படுக்கும் முன் ஒன்று. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதமும் கீழே ஊன்றியிருக்கட்டும். இந்த ஊர் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து அமைதி தேடினால் குளிர்தான் கிடைக்கும், சாக்கோ கம்பளியோ போட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரின் கீழ் விளிம்பு வயிற்றை இறுக்கினால் மேலே ஏற்றி விடுங்கள், மஃப்ளரைத் தளர்த்துங்கள். ஒரு கை தொப்புளுக்கு மேல், ஒரு கை நெஞ்சில். கீழ்க் கை அசையவேண்டும், மேல் கை ஏறக்குறைய சும்மா இருக்கவேண்டும். அதற்காக வயிற்றைப் பலவந்தமாகத் துருத்த வேண்டாம், அது நடிப்பு. நன்றாக மூச்சை விட்டு முடித்தாலே அடுத்த மூச்சுக்கு வயிறு தானாக எழும்பும்.

சளியால் மூக்கு அடைத்திருந்தால் உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதி ஆற்றுவது போல மெல்ல விடலாம். தைலம் முகர்ந்தால் மூச்சு திறக்கும் என்று கைக்குட்டையில் தடவிக்கொள்வது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு அந்த நெடியே இழுப்பைக் கிளப்பும், குழந்தைகள் மூக்கருகில் அதைக் கொண்டுபோகவே கூடாது.

பயிற்சியின்போது விரல் நுனி சிலுசிலுத்தாலோ, கொட்டாவி மேல் கொட்டாவி வந்தாலோ, தலை லேசானாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். எண்ணுவதை விடுங்கள். வாயை மூடி, மூக்கால் சின்னச் சின்ன மூச்சாக, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவில். எழுந்து பத்தடி நடக்கலாம். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம். இழந்த கார்பன் டை ஆக்சைடைத் திரும்பக் கொடுக்கும் என்பது சரிதான், ஆனால் ஆக்சிஜனும் குறையும். இருதயக் கோளாறோ ஆஸ்துமாவோ பதற்றம் போல வேடம் போட்டு வந்திருந்தால் ஆபத்து. காற்று மெலிந்த மலையில் இன்னும் ஆபத்து.

இதெல்லாம் அன்றாடப் பயிற்சி. பயம் உச்சத்தில் இருக்கும்போது நான்கு–ஆறு எல்லாம் ஏறாது. அப்போது ஒரு குறுக்குவழி: மூக்கால் முக்கால் பங்கு இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு முடிந்தவரை நீளமாக விடுவது. விம்மி அழுத குழந்தை ஓயும்போது தானாக இரட்டையாய் இழுத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுமே, அதே அமைப்பு. நுரையீரலில் ஒட்டிக்கிடக்கும் காற்றுப்பைகளை அந்த இரண்டாவது இழுப்பு விரித்துவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் தினம் ஐந்து நிமிடம் இதைச் செய்தவர்களுக்கு, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாக மேம்பட்டிருந்தது. உச்ச நேரத்தில் மூன்று தடவை போதும், பத்து இருபது என்று போகக்கூடாது. போனால் மறுபடி பழைய சிலுசிலுப்புக்கே திரும்புவோம். அதற்குப் பின் மூன்று உள்ளே, நான்கு வெளியே. கண் திறந்தே இருக்கட்டும், பார்வை ஒரு பொருளில் நிற்கட்டும்: கதவுக் கொண்டி, பஸ் டிக்கெட், தன் செருப்பு, எதுவானாலும். திடீரென்று கிளம்பும் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அதன் பிறகு தானே இறங்கும். மூச்சு அதை நிறுத்திவிடாது. இறங்கும் வரை கூட இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது இரண்டாவது வரி, ‘அமைதியான ஓர் இடத்தை நினையுங்கள்’.

மனக்காட்சி உடம்பைத் தொடும் என்பதில் மாயம் ஒன்றுமில்லை. மே மாதத்து ஊட்டி ப்ளம்ஸ், இன்னும் பழுக்காதது, பல் பதிந்ததும் தோலடியிலிருந்து பீய்ச்சும் புளிப்பு என்று எழுதும்போதே வாசிப்பவர் வாயில் நீர் ஊறுகிறது. பழம் எங்கும் இல்லை, உமிழ்நீர் நிஜம். அதே வழியாகத்தான் நடக்காத விபத்தை நினைத்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அதே வழியாகத்தான் இதமான ஒன்றை நினைத்துத் தணியவும் செய்கிறது. ஆனால் ‘பழம்’ என்ற சொல் மட்டும் நீர் ஊறவைக்காது. பல், தோல், புளிப்பு எல்லாம் வரவேண்டும். ‘அமைதியான இடம்’ என்ற சொல்லும் அப்படித்தான், வெறும் சொல்.

ஆகவே இடத்தை முன்கூட்டியே, பதற்றமில்லாத நாளில், தேர்ந்தெடுத்துக் கட்டவேண்டும். சின்ன இடமாக இருக்கட்டும், ஒரு திண்ணை அளவு போதும். மலைத்தொடர், கடல், வானம் என்று விரித்தால் மனசுக்கு நிற்க இடம் கிடைக்காது, அலையும். உண்மையில் போய் உட்கார்ந்த இடம் நல்லது, படத்தில் பார்த்தது பலவீனம். ஆட்கள் வேண்டாம், இருக்கிறவரோடு நாளை சண்டை வரலாம், இறந்தவர் என்றால் அழுகை வரும். தூங்கிப் பழகிய படுக்கையும் வேண்டாம், தூங்கிவிடுவோம். கற்பூர மரத்தடி, மதிய வெயில் விழும் சமையலறைப் படி, கொழுந்து எடை போட்டு முடிந்தபின் ஓய்ந்து கிடக்கும் கொட்டகை, கோயில் பிராகாரத்தின் ஒரு தூண் என்று எதுவானாலும் அவரவருடையது.

கட்டும் வரிசையில் பலர் கண்ணில் தொடங்குகிறார்கள். காலில் தொடங்குங்கள். பாதத்துக்கு அடியில் என்ன, கல்லா, மண்ணா, உதிர்ந்த இலையா? முதுகு எதில் சாய்ந்திருக்கிறது? தோலில் காற்றா வெயிலா? பிறகு சத்தம், அருகில் உள்ளது ஒன்று, தொலைவில் உள்ளது ஒன்று. பிறகு வாசனை. காட்சி கடைசியில் வந்தால் போதும், வராவிட்டாலும் பாதகமில்லை. கண்ணை மூடினால் படமே தெரியாதவர்கள் உண்டு. நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமன் 2015-இல் அதற்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயர் வைத்தார், அது நோய் அல்ல. “எனக்கு ஒண்ணுமே தெரியல, நான் லாயக்கில்ல” என்று அவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஸ்பரிசத்தையும் ஓசையையும் வைத்துக்கொண்டு அவர்களும் முழுப் பயனும் பெறலாம்.

கற்பனை ஓடவில்லை என்பவர்களுக்கு எளிய வழி, இப்போதுதான் தொட்ட ஒன்றிலிருந்து தொடங்குவது. ஒரு கண்ணாடி டம்ளரில் சூடாக டீயை ஊற்றி, இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடியுங்கள். சுடக்கூடாது, இதமாக இருக்கவேண்டும். இரண்டு நிமிடம். சூடு முதலில் ஏறுவது உள்ளங்கைக் குழியிலா, கட்டைவிரல் மேட்டிலா? நகத்தடி வரை வருகிறதா? டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை மடியில் மல்லாத்தி வையுங்கள். சூடு வடியத் தொடங்கும். வடிவதைப் பின்தொடர்ந்து போங்கள். முழுக்கப் போனபிறகு, அது கடைசியாக இருந்த இடத்துக்கு ஒவ்வொரு வெளிமூச்சிலும் திரும்பி வருவதாக நினையுங்கள். முதல் நாள் ஒன்றும் வராது. நாலைந்து நாளில் பலருக்கு உள்ளங்கை லேசாகக் கனத்துச் சூடேறும். பயத்தில் ரத்தம் விரல்களிலிருந்து பின்வாங்கும், தணியும்போது திரும்பும். ஜெர்மன் மனநல மருத்துவர் யோகனெஸ் ஷூல்ட்ஸ் 1932-இல் முறைப்படுத்தி வெளியிட்ட பயிற்சியிலும் ‘கை கனக்கிறது, கை சூடாகிறது’ என்பதுதான் முதல் பாடங்கள். (டீ இங்கே பிடித்துக்கொள்ள மட்டும். குளிருக்கு ஏழு எட்டு டம்ளர் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், மாலை நான்குக்குப் பின் நிறுத்திப் பார்க்கட்டும். பாதிப் படபடப்பு காஃபீனுடையதாக இருக்கும்.)

மூச்சும் காட்சியும் ஒன்றோடொன்று பூட்டியிருக்கவேண்டும். உள்மூச்சில் ஒன்றும் செய்ய வேண்டாம், அந்த இடத்தில் சும்மா இருங்கள். வெளிமூச்சில் மட்டும் ஏதாவது ஒன்று இறங்கட்டும்: பள்ளத்தாக்கில் மேகம் அடங்குவது, கிளையிலிருந்து ஓர் இலை விழுவது, தேயிலைச் சரிவில் ஒரு படி கீழே வைப்பது. கூடவே கட்டைவிரலும் சுட்டுவிரலும் லேசாகத் தொட்டிருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் தினமும் இப்படிச் செய்தால், பிறகு கூட்டத்துக்கு நடுவில் விரலைச் சேர்த்தாலே அந்த இடத்தின் ஒரு துணுக்காவது வரும். பதற்றம் வந்த அன்றைக்குத்தான் முதல்முறை செய்து பார்க்கிறவர்களுக்கு வராது. மழை பிடித்தபின் கூரை மேயப் போனால் நனையாமல் எப்படி?

வரிசை மாறக்கூடாது என்பதும் முக்கியம். நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும்போது முதலில் காட்சியைக் கூப்பிட்டால் வரும் காட்சி பயத்தின் காட்சியாகத்தான் இருக்கும். முதலில் மூச்சு இறங்கட்டும், அப்புறம் இடம்.

எது அமைதி என்பதை வெளியூர்க்காரர்கள் தீர்மானிக்கக்கூடாது என்று இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. மனம் தணிய என்று பதிவு செய்து விற்கும் ஒலிகளில் முதலிடம் தகரக் கூரையில் மழை, அடுத்தது ஓடும் தண்ணீர். விடுதியில் ஒரு வாரம் தங்கிப்போகிறவருக்கு அது தாலாட்டு. சரிவுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டில் இருப்பவருக்கு? 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ராத்திரிகளை அறிந்த ஒருவரிடம், கண்ணை மூடி மழையைக் கேளுங்கள் என்பது அமைதி அல்ல, தண்டனை. பயிற்சியின் நடுவே ஓடை வெள்ளமாகிறது, மரம் சாய்கிறது என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கண்ணைத் திறந்து, அறைக்குள் தெரியும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லுங்கள், காலை அழுத்தி ஊன்றுங்கள், அன்றைக்கு அவ்வளவு போதும். மறுநாள் மழையே இல்லாத இடமாக, சமவெளியில் ஒரு வேப்பமரத்தடியாகக்கூட, மாற்றிக்கொள்ளலாம். கண்ணை மூடினாலே பயம் கூடுகிறவர்கள், தளர்ந்து உட்கார்ந்தாலே உள்ளே ஏதோ நழுவுவதாகத் துடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடை நல்லது. சமதளமான சாலையில் மூன்று அடிக்கு உள்மூச்சு, நான்கு அடிக்கு வெளிமூச்சு. ஏற்றத்தில் வேண்டாம், அங்கே உடம்பு கேட்கிறபடி விட்டுவிடுங்கள்.

வேறு ஒரு வகைப் பயம் உண்டு, அதைத் தணிக்கவே கூடாது. வீட்டுக்குப் பின்னால் மண்ணில் புதிதாக வெடிப்பு, நேற்றுவரை தெளிவாக வந்த ஊற்று இன்று சேறாக வருவது, மரமோ கம்பமோ சாய்ந்திருப்பது. அப்போது எழும் பயம் சரியான பயம். வெளியே வந்துவிட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள். தேயிலைக்குள் காட்டுமாடு நிற்பதைப் பார்த்தாலும் அப்படித்தான். நீண்ட வெளிமூச்சு ஓடாமல் பின்வாங்க உதவும், கண்ணை மூட உதவாது.

குளிருக்குக் கரி அடுப்பையோ கணப்பையோ அறைக்குள் வைத்து ஜன்னலை அடைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. அப்படிப்பட்ட அறையில் தலைவலி, குமட்டல், நெஞ்சு படபடப்பு, கால் தள்ளாடுதல் வந்தால் அது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது. மூச்சுப் பயிற்சிக்கு உட்கார்ந்தால் இன்னும் அதைத்தான் உள்ளே வாங்குவோம். கதவைத் திறந்து, எல்லோரையும் வெளியே இழுத்துவந்து, 108-ஐக் கூப்பிடவேண்டும். நெஞ்சு வலி தோளுக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தாலும் அதே 108. பயமா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு எழுத வேண்டாம். சர்க்கரை மருந்து எடுப்பவருக்கு நடுக்கமும் வியர்வையும் வந்தால் முதலில் சர்க்கரை, பிறகு பேச்சு. தைராய்டு மிகுந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் “பயமா இருக்கு, படபடங்குது” என்றால் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது.

மலை பஸ்ஸில் போகிறவர்கள் பற்றி ஒரு வார்த்தை. குன்னூர் இறக்கத்தில் வயிறு புரட்டுவதையும் பயத்தையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். புரட்டலுக்கு முன்பக்கம் சாலையைப் பார்த்து உட்காருவதுதான் வழி, செல்போனைப் பையில் போட்டுவிடுங்கள். பயத்துக்கு, ஒவ்வொரு வளைவும் முடிந்து நேராகும்போது ஒரு நீண்ட வெளிமூச்சு, அதற்கு மேல் கணக்கு வேண்டாம். காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் போதும். ஓட்டுகிறவர் மனக்காட்சி எதையும் தொடவே கூடாது. ஓரமாக நிறுத்திவிட்டு வேண்டுமானால் மூச்சைப் பார்க்கலாம்.

தேர்வுப் பிள்ளைகளுக்கு இவ்வளவும் வேண்டாம். ஒரு கையை விரித்து, மறுகைச் சுட்டுவிரலால் விரல் ஓரமாக ஏறும்போது இழுத்து, இறங்கும்போது விடட்டும். இறக்கம் மெதுவாக இருக்கவேண்டும், ஐந்து விரலுக்கு ஐந்து மூச்சு. பொதுத்தேர்வில் கேள்வித்தாளை வாசிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள், அதில் முதல் ஒரு நிமிடம் இதற்குப் போனால் நஷ்டமில்லை. ஆனால் பிப்ரவரியிலேயே வகுப்பில் பழக்கியிருக்கவேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பயன் தெரியவில்லை என்பவர்களிடம் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் வரும்: ஒவ்வொரு மூச்சுக்கும் ‘அமைதி வந்துச்சா, வந்துச்சா’ என்று எட்டிப் பார்த்திருப்பார்கள். விதைத்த உருளைக்கிழங்கைத் தினம் தோண்டிப் பார்த்தால் முளைக்குமா? ஐந்து நிமிடம் முடிந்தபின் ஒருமுறை பார்த்தால் போதும், பத்தில் எட்டாக இருந்தது ஆறாக இறங்கியிருந்தாலே வேலை நடந்திருக்கிறது. பத்து பூஜ்யமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்னொரு கண்ணியும் உண்டு. இந்தப் பயிற்சி இருந்தால்தான் பஸ் ஏறுவேன், கடைக்குப் போவேன் என்று ஆகிவிட்டால் அதுவே புதிய ஊன்றுகோலாகிவிடும். சில நாள் பயிற்சி இல்லாமலேயே போய்ப் பாருங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பீதி வருகிறது, அதனால் வெளியே போவதே நின்றுவிட்டது, தூக்கம் போய்விட்டது, தணிக்கக் குடிக்க வேண்டியிருக்கிறது என்றால் மூச்சு மட்டும் போதாது. அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலிமானஸ் உதவி எண் 14416-இல் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், மூச்சுப் பயிற்சி வந்துவிட்டது என்று தாமாக நிறுத்தக்கூடாது. வலிப்பு, உயர் ரத்த அழுத்தம், கர்ப்பம் உள்ளவர்கள் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமூச்சுகளை இதோடு சேர்க்கவே வேண்டாம்.

ஆசிரியரிடம் வேண்டுவது இரண்டு. அந்தக் கட்டத்தில் ‘ஆழமாக இழுத்து’ என்பதை எடுத்துவிட்டு ‘மெதுவாக விட்டு’ என்று போடுங்கள், அடியில் 14416-ஐச் சேருங்கள். மற்றது, கூடவே வரும் அந்தப் படம். மலை உச்சியில், செங்குத்துப் பாறை விளிம்பில், இரண்டு கையையும் விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, வானத்தைப் பார்த்து மூச்சை இழுக்கும் பெண். அவர் தோள் இரண்டும் காது வரை ஏறியிருக்கிறது. இந்த மலையில் அந்த விளிம்பில் போய் நிற்பதே பயப்படவேண்டிய காரியம். அடுத்தமுறை, டீக்கடை பெஞ்சில் இரண்டு காலையும் கீழே ஊன்றி, மஃப்ளரைத் தளர்த்திவிட்டு, டம்ளரை இரு கையாலும் பிடித்து உட்கார்ந்திருக்கும் யாரையாவது படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மூச்சுப் பயிற்சி கற்பிப்போர் சிலர்,
குன்னூர் – கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.